மறுரூப ஞாயிறும் மெர்சியின் மாத்திரைகளும்

கிறிஸ்துமஸ் பிரசங்கம் போதகருக்கு. பெரிய வெள்ளி போதகருக்கு. ஈஸ்டர் விடியற்கால ஆராதனைக்கு வெளியூரிலிருந்து யாராவது பெரியவர் வருவார். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் உபவாசமான லெந்து காலம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு மட்டும் யாருக்கும் வேண்டாம். அது உங்கள் தலையில்தான் விழும். கிராமச் சபைகளுக்கு உபதேசியாராகப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இதை முதல் வருடமே தெரிந்துகொள்வீர்கள்.

அதற்கு மறுரூப ஞாயிறு என்று பெயர். இயேசு மூன்று சீடர்களை அழைத்துக்கொண்டு ஒரு மலைமேல் ஏறுகிறார். அங்கே அவர்கள் கண்முன்னே அவருடைய முகமும் உடுப்பும் வெளிச்சமாகிவிடுகின்றன. பல நூறு வருடத்துக்கு முன்பே உலகை விட்டுப் போன தீர்க்கதரிசிகளான மோசேயும் எலியாவும் வந்து அவரோடு பேசுகிறார்கள். மேகம் வந்து மூடுகிறது, மேகத்துக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்கிறது. வாசிக்கும்போது இவ்வளவு சுலபமான பகுதி வேறில்லை என்று தோன்றும். குரலை ஏற்றி இறக்கிச் சொன்னாலே ஜனங்கள் ஆமென் சொல்லிவிடுவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் ஓட்டினேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். வேதாகமக் கல்லூரி வாசலைக்கூட மிதித்ததில்லை. போர்வெல் லாரியில் ஒட்டிக்கொண்டு தெலங்கானா, சத்தீஸ்கர் வரைக்கும் போனேன். செங்கல் சூளையில் இருந்தேன், பரோட்டாக் கடையில் மாவு பிசைந்தேன், கரும்பு வெட்டினேன். ஒரே ஊரில் அடுத்த மழைக்காலத்தைப் பார்த்தது அபூர்வம். பசி இருந்தது, மலேரியா இருந்தது, சம்பளம் தராத முதலாளிகள் இருந்தார்கள். அதெல்லாம் எல்லோருக்கும் இருப்பதுதான். உபதேசியார் வேலைக்கு வந்ததும்கூட, தினம் ஒரு ஊருக்குப் போகலாம் என்று சொன்னார்கள், அதனால்தான். இதைச் சொல்லக் காரணம், நான் சொல்லப்போவதைப் பாடமாகப் படித்துச் சொல்லவில்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் மலை என்று சொன்னால் ஒரு மலைதான், கார்த்திகைக்கு உச்சியில் தீபம் ஏற்றும் மலை. பிரசங்கத்தில் மலை, வெளிச்சம் என்று இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல வந்துவிட்டால், சபையார் கண் ஜன்னல் வழியாக அந்தப் பக்கம் போய்விடும். சில உபதேசியார்கள் உடனே தீபத்தைக் குத்திப் பேசுவார்கள். அடுத்த வீட்டுக்காரன் ஏற்றும் விளக்கை ஊதி அணைப்பது நம் வேலை இல்லை. வேறு சிலர் எல்லாம் ஒன்றுதான் என்று முடித்துக்கொள்வார்கள். அது யோசிக்கச் சோம்பல்பட்டுச் சொல்வது. இரண்டும் வேண்டாம். சுவிசேஷத்தில் அந்த மலைக்குப் பெயர் இல்லை என்பதைக் கவனியுங்கள். பெயரைச் சொன்னால் நாம் மூட்டையைக் கட்டிக்கொண்டு அங்கேயே போய் உட்கார்ந்துவிடுவோம் என்றுதான் விட்டிருப்பார்கள் என்பது என் யூகம்.

இனி மெர்சியின் விஷயம்.

கீழ்பென்னாத்தூர் போகும் வழியில் என் பொறுப்பில் ஒரு சபை இருந்தது. சின்னச் சபை. அங்கே சாமுவேல் என்பவர் பந்தல், நாற்காலி, மைக் செட் வாடகைக்கு விடும் தொழில் செய்தார். அவருடைய ஒரே மகள் மெர்சி. பி.காம். முடித்துவிட்டு, செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தாள். சிறு வயதிலிருந்தே அவளுக்கு வலிப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகப் போட்டதால் இரண்டு வருடமாக ஒன்றும் வரவில்லை. ஊரிலும் பாதிப் பேர் அதை மறந்துவிட்டார்கள்.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஒரு செய்தி பரவியது. உபவாச ஜெபத்தில் மெர்சிக்கு வெளிச்சம் தெரிகிறதாம். வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு நம் சபையார் மட்டும் வந்த வீட்டில், அடுத்த தெரு ஆட்களும் வர ஆரம்பித்தார்கள். காய்ச்சல் கண்ட குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சாமுவேல் வாசலில் ஒரு ஷாமியானா போட்டார். கூட்டம் ஜாஸ்தியானதும் பக்கத்தில் இன்னொன்று. பிறகு மூன்றாவது. வாடகைக்குப் போக வேண்டிய சாமான் எல்லாம் வீட்டு வாசலில் நின்றது.

நான் போய்ப் பார்த்தேன். மெர்சி எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். பாசாங்கு செய்கிற பெண் இல்லை. கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னாள்.

"மொதல்ல ஓரமா வரும் ஐயா. வெல்டிங் வெளிச்சம் மாதிரி இல்ல, கண்ணு கூசாது. அப்பறம் எல்லாமே அதுக்குள்ள வந்துடும். செவுரு, ஜன்னலு, எங்கம்மா, எல்லாம் அவ்ளோ நல்லாயிருக்கும். எல்லாத்துக்கும் அர்த்தம் இருக்கிறாப்ல. அப்பறம் ஒண்ணியும் தெரியாது. எழுந்தா நாக்கு கடிச்சிருக்கும்."

மாத்திரை போடுகிறாயா என்று கேட்டேன். உபவாசம் ஆரம்பித்ததிலிருந்து போடவில்லை என்றாள். வெறும் வயிற்றில் போட வேண்டாம் என்று முதலில் நிறுத்தியது. பிறகுதான் வெளிச்சம் வந்தது.

"மாத்திரை போட்ட ரெண்டு வருஷமும் ஒரு நாள்கூட வரல ஐயா. வெறும் செவுருதான். போட்டா போயிடும். எனக்குத் தெரியும்."

விடுதியில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டு அம்மாள் இதைக் கேட்டுக் கண் கலங்கினாராம். இதில் ஒரு நொடி கிடைக்காதா என்றுதான் வருடா வருடம் வந்து தியானத்தில் உட்காருகிறேன், நீ மாத்திரையைத் தின்று அதைக் கொன்றுவிடாதே என்று சொன்னாராம். அதை மெர்சி பெருமையாகச் சொல்லவில்லை. கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டிய ஒரு சாட்சியாகச் சொன்னாள்.

டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அவசரத்தில் வரும் பதிலை அங்கேயே சொல்லிவிடாதீர்கள். நோய் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால், கதவு அத்தோடு சாத்தியிருக்கும்.

சபை மூப்பர் என்னை வழியில் மடக்கினார். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சபைக்காக உயிரைக் கொடுப்பவர். மறுரூப ஞாயிறு ஆராதனையைச் சபைக் கோயிலில் வேண்டாம், சாமுவேல் வீட்டுப் பந்தலிலேயே வைக்கலாம், மெர்சி எல்லோர் முன்னாலும் சாட்சி சொல்லட்டும் என்றார். நான் யோசிக்கலாம் என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னா யோசனை உபதேசியாரே? ஊரு ஒலகமே இங்க மலையப் பாக்க வருது. நம்ம பக்கம் எவனாச்சும் எட்டிப் பாத்தானா? இப்ப கர்த்தரே கூட்டியாந்து உட்டிருக்காரு. அதுக்கு நீ தடை போட்டா எப்படி?"

அவர் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிந்தது. ஓட்டுக் கூரை ஒழுகும் கோயிலில் இருபது பேரோடு பாட்டுப் பாடி வயதானவர் அவர். போதகருக்குப் போன் செய்தேன். அவருக்குப் பத்துச் சபைகளுக்கு மேல். நீங்கள்தானே அங்கே இருக்கிறீர்கள், பார்த்துச் செய்யுங்கள் என்றார். மேலே இருப்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதில் தப்பும் இல்லை. அங்கே இருந்தது நான்தான்.

அந்த வாரம் முழுக்க அந்தப் பகுதியையே வாசித்தேன். பேருந்தில், டீக்கடையில், வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் ஒரு சான்றிதழுக்காகக் காத்துக்கிடந்த வரிசையில். நான்கு சுவிசேஷங்களில் மூன்றில் இருக்கிறது. மூன்றையும் மாற்றி மாற்றிப் படித்தேன். இவ்வளவு வருடம் சொன்னதில் எதையெல்லாம் தாண்டிப் போயிருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

வெளிச்சத்தைப் பார்த்ததும் பேதுரு, இங்கேயே இருந்துவிடலாம், மூன்று கூடாரம் போடுகிறேன் என்கிறார். அவருக்குப் பதிலே கிடைக்கவில்லை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மேகம் வந்து மூடிவிடுகிறது. மேகத்திலிருந்து வந்த குரல், இவரைப் பாருங்கள் என்று சொல்லவில்லை. இவர் சொல்வதைக் கேளுங்கள் என்றது. அவ்வளவு வெளிச்சத்தின் நடுவில் கண்ணுக்கு வேலை இல்லை, காதுக்குத்தான் வேலை. மோசேயும் எலியாவும் அவரோடு எதைப் பேசினார்கள் என்று பார்த்தால், எருசலேமில் அவர் சாகப்போவதைப் பேசினார்கள். சிலுவையை மறக்கடிக்க வந்த வெளிச்சம் இல்லை. சிலுவை வரைக்கும் நடக்கப் பலம் கொடுக்க வந்தது.

கடைசியில் சீடர்கள் பயந்து குப்புற விழுகிறார்கள். அவர் வந்து தொடுகிறார். தலையைத் தூக்கிப் பார்த்தால் வெளிச்சம் இல்லை, மேகம் இல்லை, பெரியவர்கள் இல்லை. அவர் மட்டும் நிற்கிறார், மலையேறி வந்த அதே புழுதிக் காலோடு. கீழே இறங்கும்போது, நான் உயிர்த்தெழும் வரைக்கும் இதை யாருக்கும் சொல்லாதீர்கள் என்கிறார். இறங்கிய இடத்தில் காத்திருந்தது யார் தெரியுமா? வலிப்பு வரும் பிள்ளையின் தகப்பன். நெருப்பிலும் தண்ணீரிலும் விழுகிறான், உங்கள் சீடர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று அழுகிறான். இந்தக் கடைசிப் பாதியை நாங்கள் யாரும் வாசித்ததே இல்லை. ஆமெனோடு மலைமேலேயே ஆராதனை முடிந்துவிடும்.

நல்லதுதான், ஆனால் இதையெல்லாம் சொல்லி மெர்சியிடம் ஜெயித்துவிட முடியாது. வெளிச்சம் போய்விடுமே என்றாள் அவள். அதற்கு இதில் பதில் இல்லை.

சனிக்கிழமை மதியம் உபவாச ஜெபம் பந்தலில் நடந்தது. மூன்று ஷாமியானாவும் நிறைந்து ரோடு வரைக்கும் ஆட்கள். மெர்சி நடுவில் முழங்காலில் இருந்தாள். பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போதே அவள் கண் ஒரு பக்கமாகப் போனது. முகம் மலர்ந்தது. நானே பார்த்தேன், அவ்வளவு அழகான முகம். பிறகு விழுந்தாள்.

கூட்டம் முழங்காலிட்டது. சிலர் கையைத் தூக்கி அழுதார்கள். அடுத்த தெரு அம்மாள் ஒருவர் சாவிக் கொத்தை அவள் கையில் திணிக்கப் பார்த்தார். தொடாதே, ஆண்டவர் தொட்டிருக்கிறார் என்று ஒருவர் அவரைத் தள்ளினார். மூப்பர் மைக்கைப் பிடித்து மகிமை இறங்கிவிட்டது என்று கூவினார். மெர்சியின் அம்மா கையைக் கூப்பியபடி அப்படியே நின்றார். பெண்ணுக்கு உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. ஒரு தடவை வலிப்பு நின்றது. கண் திறப்பதற்குள் மறுபடி வந்தது. போர்வெல் வண்டியில் என்னோடு வேலை பார்த்த ஒருவனுக்கு இது உண்டு. ஒன்று முடிந்து தெளிவதற்குள் இன்னொன்று வந்தால் ஆளையே கொண்டுபோய்விடும் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

இந்த இடத்தில்தான் நீங்கள் நிதானமாக இருக்க வேண்டும். மைக்கைப் பிடுங்கி, இது வியாதி, எல்லோரும் போங்கள் என்று நான் கத்தியிருக்கலாம். கத்தினால் இரண்டு நடக்கும். கூட்டம் என்னோடு சண்டைக்கு வரும், அதில் நேரம் போகும். அதைவிட, அந்தப் பெண் ஊர் நடுவில் ஏமாற்றுக்காரியாகிவிடுவாள். அவள் யாரையும் ஏமாற்றவில்லை. ஜெபம் முடியட்டும் என்று காத்திருந்தால் அவள் இருக்கமாட்டாள்.

நான் மெர்சியிடம் போகவில்லை. ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்ற சாமுவேலிடம் போனேன். அவரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தோளைப் பிடித்து, "சாமுவேலு, அது உன் பொண்ணு" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். குனிந்து ஒயரைப் பிடுங்கினார். மைக் செத்தது. அந்தச் சத்தம் நின்றதும்தான் பெண் மூச்சுத் திணறும் ஓசை எல்லோருக்கும் கேட்டது. அதன்பிறகு யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கூட்டம் தானாக வழி விட்டது. அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். ஆம்புலன்ஸ் வந்தது. மூப்பர் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே அவள் செருப்பைத் தூக்கிக்கொண்டு வண்டி வரைக்கும் ஓடி வந்தார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு நிறுத்தினார்கள். சாயங்காலம் அவள் கண் திறந்தபோது எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் மிரண்டாள். சாமுவேல் அவள் நெற்றியில் கை வைத்தார். எழுத்துக் கூட்டி வாசிக்கவே தடுமாறுகிற மனிதர். "பயப்படாதம்மா, நான்தான்" என்றார். மலைமேல் விழுந்து கிடந்தவர்களிடம் சொல்லப்பட்டதும் பயப்படாதீர்கள் என்பதுதான். அதை அங்கே எடுத்துச் சொல்ல எனக்கு நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் நானும் ஒரு பந்தல் போட்டதாக ஆகியிருக்கும்.

கொஞ்சம் தெளிந்ததும் அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். "அது கடவுள் இல்லையா ஐயா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"தெரியாதும்மா."

"நீங்க உபதேசியார்தானே?"

"உபதேசியார்தான். தெரியாது. உன் மூளைக்குள்ள கரண்டு தப்பிப் போவுதுன்னு டாக்டர் சொல்றாரு. அது உண்மை. அதுக்குள்ள அவர் உனக்கு ஏதாவது காட்டினாரான்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரியாததை இல்லன்னும் சொல்ல மாட்டேன், மைக்ல ஏறி ஆமான்னும் சொல்ல மாட்டேன்."

நர்ஸ் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அவள் அதையே பார்த்தாள்.

"போட்டா திரும்ப வராதுல்ல?"

"வராதுன்னுதான் நெனைக்கிறேன்."

அவள் அழுதாள். அவள் அம்மா ஏதோ சொல்ல வந்தார், சாமுவேல் கையைக் காட்டி நிறுத்தினார். அந்த வாரம் முழுக்க எனக்குக் கிடைக்காத பதில் அப்போதுதான் கிடைத்தது. எப்போதோ ஒரு வயதான போதகர் நடந்துகொண்டே சொன்னது. அந்த மலைமேல் இயேசு மாறவில்லை, சீடர்களின் கண்தான் கொஞ்ச நேரம் திறந்தது என்று திருச்சபையின் ஆதிகாலத்துப் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்றார் அவர். அந்த வெளிச்சம் அவருக்குள் எப்போதும் இருந்ததுதான். மாட்டுத் தொழுவத்தில் பிறந்தபோதும், தச்சுப் பட்டறையிலும், சிலுவையில் ஆணியடித்தபோதும் இருந்தது. மலைமேல் வந்து ஒட்டிக்கொள்ளவும் இல்லை, இறங்கும்போது கழன்று விழவும் இல்லை.

இதை அவளிடம் என் பாஷையில் சொன்னேன். "வெளிச்சம் போவும்மா. அவர் போவமாட்டார். அவங்க மூணு பேரும் அண்ணாந்து பாத்தப்ப வெறும் ஆளுதான் நின்னாரு. அவரோடதான் கீழ எறங்குனாங்க. வெளிச்சத்தோட இல்ல."

இன்னொன்றும் சொன்னேன். அன்றைக்கு ஒளிர்ந்தது உடம்பு. ஆவி தனியாகப் பிரிந்து போய் ஒளிரவில்லை. ஏறும்போது வியர்த்த அதே உடம்பு, போட்டிருந்த அதே துணி. நம் உடம்புக்கும் ஒருநாள் அது உண்டு என்று காட்டத்தான் அது நடந்தது என்று நம்புகிறோம். அப்படிப்பட்ட உடம்புக்கு மருந்து கொடுப்பது விசுவாசக் குறைச்சல் ஆகாது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். மலையேறிப் பார்த்தவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். இறங்க ஒத்துக்கொண்ட ஒரு ஆளை நான் கண்ணால் பார்த்தேன். எனக்கு அது போதும்.

மறுநாள் ஆராதனையைக் கோயிலில்தான் வைத்தேன். பழைய இருபது பேர். மெர்சியின் பெயரை எடுக்கவில்லை. இறங்கி வந்த பாதியை மட்டும் பிரசங்கித்தேன். மூப்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் வந்து, "மேல ஏறுன கதையைச் சொல்லுவன்னு பாத்தா, எறங்குன கதைக்கா இவ்ளோ நேரம்?" என்று சொல்லிவிட்டு, மெர்சிக்குக் கொண்டுபோகக் கொஞ்சம் பழம் கொடுத்தனுப்பினார்.

அவளுக்கு அதன்பிறகு லேசாக இருக்கவில்லை. வெளிச்சம் வரவில்லை. மாத்திரை முதலில் மந்தமாக்கியது. விடுதியில் கணக்கு தப்பியது. வருகிறவர்கள் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். இப்போது வெளிச்சம் இல்லை என்று சொன்னால், கிருபையைத் தொலைத்துவிட்டாள் என்று அவள் காதுபடவே பேசினார்கள். அது கடவுளா என்று என்னிடம் அவள் திரும்பக் கேட்கவில்லை. ஜெபம் பண்ணுகிறாயா என்று ஒருநாள் கேட்டேன். "பண்றேன் ஐயா. செவுத்தைப் பாத்துதான் பண்றேன்" என்றாள்.

லெந்து காலத்தில் ஒரு காலை, நான் அந்த ஊரில் பேருந்துக்கு நின்றபோது, ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து மெர்சியின் வீடு எது என்று கேட்டாள். தூரத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்தாள். குழந்தை துவண்டு கிடந்தது. நான் வழி சொல்வதற்குள் வேலைக்குக் கிளம்பிய மெர்சியே வந்துவிட்டாள். அந்தப் பெண் அவள் காலில் விழப் போனாள். ஒரு தடவை தலையில் கை வைக்கச் சொல்லி அழுதாள்.

மெர்சி கை வைத்தாள். வைத்ததும் எடுத்துவிட்டாள்.

"ஜுரம் கொதிக்குதுக்கா. குடுங்க கொழந்தைய. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போலாம், எனக்கு அங்க எல்லா வார்டும் தெரியும், நானும் வரேன்" என்றாள்.

பேருந்து வந்தது. பௌர்ணமிக்கு மலை சுற்றப் போகிற கூட்டம், உள்ளே காலடி வைக்க இடமில்லை. மெர்சி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்து, நின்றுகொண்டே போனாள்.